பயன்படுத்திய மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமரா: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

வெண்ணிழல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக 35 மி.மீ. ஃபிலிமில் படமெடுத்து வருகிறேன். கருப்பு வெள்ளைச் சுருள்களை வீட்டிலேயே கழுவி, சிறிய என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் பதிக்கும் கருவி) ஒன்றில் பிரதியும் போடுகிறேன். மீடியம் ஃபார்மட் கேமராக்களுக்கான அகலமான 120 சுருளுக்கு மாற வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. நான் எண்ணிப் பார்த்தவை மூன்று: ஹாசல்பிளாட் 500சி/எம் (6x6), மாமியா ஆர்பி67 (6x7), பிரோனிகா இடிஆர்எஸ் (6x4.5); அடைப்புக்குறியில் இருப்பது படத்தின் அளவு, சென்டிமீட்டரில். மூன்றுமே பழைய பொருளாகத்தான் கிடைக்கும். பெரும்பாலும் நான் எடுப்பவை மனிதர்களின் முகங்கள். விடுமுறை நாள்களில் நடந்தே சென்று இயற்கைக் காட்சிகளையும் எடுப்பதுண்டு. ஒருமுறைதான் செலவு செய்ய முடியும் என்ற நிலையில், எந்தக் கேமரா சிறந்தது என்று கேட்பதைவிட, கையில் எடுத்துப் பார்க்கும்போது எதையெதைச் சோதிக்க வேண்டும் என்று கேட்பதே சரியாக இருக்கும் என்று தோன்றியது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

இருட்டறைவாசி எழுதியது:

கேமராவைச் சோதிப்பதற்கு முன்னால் உங்கள் என்லார்ஜரைச் சோதியுங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 35 மி.மீ. நெகட்டிவுக்கென்றே செய்யப்பட்ட சிறிய என்லார்ஜராக இருந்தால், அதன் விளக்கறையிலிருந்து வரும் ஒளி 6x6 நெகட்டிவின் மூலைகளை எட்டாது, 50 மி.மீ. என்லார்ஜிங் லென்ஸும் அதற்குப் பற்றாது. 6x6 என்றால் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸும், 6x7 என்றால் 90 அல்லது 105 மி.மீ. லென்ஸும், அவற்றுக்கேற்ற நெகட்டிவ் கேரியரும் வேண்டும். ஸ்கேன் செய்பவர்களுக்கும் இதே கதைதான்: 35 மி.மீ. ஃபிலிமை மட்டும் ஏற்கும் ஸ்கேனர்கள் பல உள்ளன. கழுவும் தொட்டியைப் பற்றிக் கவலையில்லை, பிளாஸ்டிக் ரீல்களில் பெரும்பாலானவற்றை 120 அகலத்துக்கு விரித்துக்கொள்ளலாம்.

அடுத்தது சட்டத்தின் அளவு, அதாவது ஃபிலிமில் ஒரு படம் பிடிக்கும் இடம். 35 மி.மீ. சட்டத்தின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். 6x6 என்று நாம் சொல்வது உண்மையில் ஏறத்தாழ 56x56 மி.மீ., அதாவது 3136 சதுர மில்லிமீட்டர். மூன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். 6x4.5 ஏறக்குறைய 2.7 மடங்கு. ஒரு 120 சுருளில் 6x4.5 என்றால் 15 அல்லது 16 படங்களும், 6x6 என்றால் 12 படங்களும், 6x7 என்றால் 10 படங்களும், 6x9 என்றால் 8 படங்களும் கிடைக்கும். 36 படங்களுக்குப் பழகிய கைக்கு 10 என்பது முதலில் கஞ்சத்தனமாகத் தோன்றும், பிறகு அதுவே நல்ல பழக்கமாகிவிடும்.

முகங்களை எடுப்பதாகச் சொன்னீர்கள். இடுப்பளவில் வைத்துக் குனிந்து பார்க்கும் வியூஃபைண்டரோடு இடிஆர்எஸ் வாங்கினால், நிமிர்ந்த சட்டத்தில் படமெடுக்கக் கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து நீங்கள் படும் பாட்டை எதிரில் நிற்பவர் வேடிக்கை பார்ப்பார். அதற்குக் கண்ணளவில் வைத்துப் பார்க்கும் பிரிஸம் ஃபைண்டர் கட்டாயம். ஆர்பி67 கேமராவில் பின்புறப் பெட்டியே சுழலும் என்பதால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் லென்ஸோடு சேர்த்து இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை. நடந்தே சென்று எடுப்பேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிச் சொன்னீர்கள் என்று வியந்தேன்.

பழையபெட்டி எழுதியது:

இவ்வகைக் கேமராக்களைப் பழுதுபார்ப்பதில் நெடுங்காலம் கழித்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாங்கப்போவது லென்ஸின் பெயரையோ உடலின் பளபளப்பையோ அல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இடப்பட்ட மசகும், களைத்துப்போன சுருள்வில்களும், அவற்றைக் கடைசியாக யார், எப்போது திறந்து பார்த்தார்கள் என்ற வரலாறுமே நீங்கள் வாங்கும் பொருள். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்யப்பட்டது என்பதுதான். தோல் உரிந்து, பெயின்ட் தேய்ந்து, மாதாமாதம் படமெடுத்துக்கொண்டிருந்த கேமரா, அலமாரியில் இருபது ஆண்டுகள் அழகாகத் தூங்கிய கேமராவைவிடப் பல சமயம் நம்பத் தகுந்தது. மசகு தூக்கத்தில்தான் கெட்டியாகிறது.

கையில் எடுத்ததும் ஷட்டரிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் சொன்ன மூன்றிலும் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது. இதழ்களாகத் திறந்து மூடும் லீஃப் ஷட்டர் என்பதால், ஒவ்வொரு லென்ஸையும் தனித்தனியாகச் சோதித்தாக வேண்டும். உடல் நன்றாக இருந்து லென்ஸ் கெட்டிருப்பது சர்வ சாதாரணம். வேகத்தை 1 விநாடியில் வைத்துத் தட்டுங்கள். ஆர்பி67, 500சி/எம் போன்ற முழு இயந்திரக் கேமராக்களில், உள்ளே பற்சக்கரங்கள் ஒரே சீராக ஓடும் ஓசை கேட்க வேண்டும். இடையில் திணறினாலோ, நின்று நின்று ஓடினாலோ மசகு இறுகிவிட்டது என்று பொருள். அரை, கால், எட்டில் ஒன்று என்று எல்லா மெதுவான வேகங்களையும் இரண்டு மூன்று முறை இயக்கிப் பாருங்கள். முதல் தட்டலில் திணறி, நான்காவது தட்டலில் சரியாக ஓடினால் மனம் சமாதானம் அடையக் கூடாது. மறுநாள் காலையில் அது மீண்டும் திணறும். தொலைபேசியில் ஓசையைப் பதிந்து, திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் மெதுவான வேகங்கள் எவ்வளவு பிசகியிருக்கின்றன என்பது ஓரளவு துல்லியமாகத் தெரிந்துவிடும். விரைவான வேகங்களுக்கு இந்த முறை உதவாது. 1/500 என்று எழுதியிருக்கும் பழைய லீஃப் ஷட்டர் சற்றுத் தாமதமாகவே ஓடுவது இயல்பு. அதற்காக ஒரு நல்ல லென்ஸை ஒதுக்க வேண்டாம்.

பிறகு அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) நன்கு சுருக்கி வைத்து, ஷட்டரைத் திறந்தே வைக்கும் பி அல்லது டி நிலையில் திறந்து, இதழ்களைப் பாருங்கள். எண்ணெய் மினுமினுத்தால் அது விரைவில் ஒட்டிக்கொள்ளும். அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, பின்புறத்திலிருந்து ஒரு சிறு டார்ச்சைச் சாய்வாக அடித்தால் கண்ணாடிகளின் உண்மை நிலை தெரியும். தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. சிலந்தி வலைபோல் கிளைத்துப் படர்ந்திருந்தால் பூஞ்சை. அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் வடு நிற்கும். பனி மூடினாற்போல் சீரான மங்கல் தெரிந்தால் பெரும்பாலும் துடைத்தெடுக்கலாம். ஓரத்தில் வானவில் நிறத்தில் பிறை போன்ற வளையம் தெரிந்தால், ஒட்டப்பட்ட இரு கண்ணாடிகள் பிரியத் தொடங்கியிருக்கின்றன. அதைச் சரிசெய்யும் செலவில் வேறு லென்ஸ் வாங்கிவிடலாம். ஷ்னைடர் நிறுவனத்தின் லென்ஸ்களின் உட்புற விளிம்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பதற வேண்டாம், அது கறுப்புப் பெயின்ட் உரிவதுதான், படத்துக்குக் கேடில்லை; பேரம் பேச மட்டும் பயன்படும்.

ஒளிக்கசிவைத் தடுக்கும் ஸ்பாஞ்ச் பட்டைகள் காலப்போக்கில் தார்போல் இளகி விரலில் ஒட்டும். அவற்றை மாற்றுவது எளிது, ஒரு மாலைநேர வேலை. துருத்தி உள்ள கேமராவாக இருந்தால், அதாவது ஆர்பி67, மாமியா சி330 அல்லது பழைய மடக்குக் கேமராக்களில், இருட்டறையில் டார்ச்சைத் துருத்திக்குள் விட்டு, மடிப்பு மூலைகளில் ஊசி முனையளவு வெளிச்சம் தெரிகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். துளைகள் மூலையில்தான் பிறக்கின்றன. ஆக்ஃபா ஐசோலெட் வகை மடக்குக் கேமராக்களில் துருத்தித் துளை அடிக்கடி காணப்படுவது. அவற்றின் முன் லென்ஸைச் சுழற்ற முடியாதபடி பச்சை நிற மசகு கல்லாகியிருப்பதும் அப்படியே.

துளிவெளிச்சம் எழுதியது:

மேலே எழுதியவர் இயந்திரக் கேமராக்களின் காதலர் என்பது தெரிகிறது. நான் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மின்கலத்தால் இயங்கும் ஷட்டர் என்றாலே அஞ்சி ஓட வேண்டியதில்லை. பிரோனிகாவின் இடிஆர்எஸ், எஸ்கியூ வரிசைகளிலும், 1982இல் வந்த மாமியா ஆர்இசட்67 கேமராவிலும் ஷட்டர் வேகத்தை மின்னணுச் சுற்று கணிக்கிறது. அதனால் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் 1 விநாடி என்பது 1 விநாடியாகவே இருக்கிறது. இயந்திர ஷட்டர் எவ்வளவு போற்றப்பட்டாலும் இந்தச் சீர்மையை அது சர்வீஸ் இல்லாமல் தராது. புகழ்பெற்ற பெயர் ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில், இவற்றில் உடல், இரண்டு லென்ஸ், இரண்டு ஃபிலிம் பேக் (சுருளை மாட்டும், கழற்றக்கூடிய பின்பெட்டி) எல்லாம் சேர்ந்து வந்துவிடும்.

ஆனால் 6 வோல்ட் மின்கலம் ஒன்றைப் பையில் எடுத்துச் செல்லாமல் இவற்றைப் பார்க்கப் போகாதீர்கள். மின்கலம் இல்லாவிட்டால் இடிஆர்எஸ் 1/500 வேகத்திலும், ஆர்இசட்67 அதற்குரிய அவசர நிலையில் 1/400 வேகத்திலும் மட்டுமே தட்டும். மின்கலம் இல்லை, மற்றபடி நன்றாகத் தட்டுகிறது என்று விற்பவர் செய்து காட்டுவதில் எந்த உறுதியும் இல்லை. பென்டாக்ஸ் 67, மாமியா 645 1000எஸ் இரண்டும் மின்கலம் இன்றித் தட்டவே மாட்டா. மின்கல அறையைத் திறந்து, பச்சை அரிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதரச மின்கலத்துக்கென்று செய்யப்பட்ட பழைய ஒளிமானிகளை நம்ப வேண்டாம், 1.35 வோல்ட் தந்த அந்த மின்கலங்கள் இப்போது விற்பனையில் இல்லை. கையடக்க ஒளிமானி ஒன்றை வைத்துக்கொள்வதே மேல்.

பழையபெட்டி எழுதியது:

சீர்மை பற்றி நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். என் தயக்கம் வேறிடத்தில். பற்சக்கரம் தேய்ந்தால் இன்னொரு செத்த கேமராவிலிருந்து எடுத்துப் பொருத்தலாம், அல்லது புதிதாகவே வெட்டலாம். மின்சுற்றுப் பலகை போய்விட்டால் இன்னொரு செத்த கேமராவிலும் அதே பலகைதான் போயிருக்கும். பிரோனிகாவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட டாம்ரான் நிறுவனம் அந்தக் கேமராக்களைச் செய்வதை எப்போதோ விட்டுவிட்டது. கான்டாக்ஸ் 645 கேமராவைச் செய்த கியோசெரா நிறுவனமும் 2005இல் கேமராத் தொழிலிலிருந்தே விலகியது. ஆகவே மின்னணுக் கேமரா வாங்குபவர், விலை மலிவாக இருக்கும்போதே இரண்டாவது உடல் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கான்டாக்ஸ் 645 போன்றவற்றின் விலையில் அது நடக்காது, ஆதலால் அவற்றை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

துளிவெளிச்சம் எழுதியது:

இரண்டாவது உடல் என்ற யோசனையை ஏற்கிறேன். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்ததால் முதலில் எழுதவில்லை.

வெண்ணிழல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. என்லார்ஜரைப் பார்த்தேன். நல்லவேளையாக அது 6x6 வரை ஏற்கிறது, 6x7 ஏற்காது. ஆக ஆர்பி67 தானாகவே பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. தெரிந்தவர் ஒருவர் வழியாக 80 மி.மீ. லென்ஸுடனும் ஒரு பேக்குடனும் 500சி/எம் ஒன்றைப் பார்க்க வாய்ப்பு வந்திருக்கிறது. வைத்திருப்பவர், பதினைந்து ஆண்டுகளாகத் தொடவில்லை என்கிறார். பழையபெட்டி ஐயா சொன்னதை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. இந்தக் கேமராவுக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

சதுரச்சட்டம் எழுதியது:

500 வரிசையையே பயன்படுத்தி வருகிறேன் என்பதால் நான் பதில் சொல்கிறேன். முதலில் வயதைக் கண்டுபிடியுங்கள். உடலிலும் பேக்கிலும் உள்ள வரிசை எண்ணுக்கு முன் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். வி, எச், பி, ஐ, சி, டி, யு, ஆர், ஈ, எஸ் என்ற பத்து எழுத்துகளுக்கும் முறையே 1 முதல் 9 வரையும், கடைசியாக 0 என்றும் மதிப்பு. யு, ஆர் என்று தொடங்கினால் அது 1978இல் செய்யப்பட்டது. 500சி 1957இலும், ஃபோகஸ் திரையை நாமே மாற்றிக்கொள்ளக் கூடிய 500சி/எம் 1970இலும் வந்தன.

அடுத்து, தட்டியதும் வியூஃபைண்டர் இருண்டே கிடக்கும், கைப்பிடியைச் சுற்றிய பின்தான் உள்ளிருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி இறங்கும். அது கோளாறு அல்ல, இதன் இயல்பு. இதை அறியாமல் நல்ல கேமராவை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

உண்மையான ஆபத்து லென்ஸைக் கழற்றும்போது இருக்கிறது. உடலும் லென்ஸும் இரண்டுமே முறுக்கப்பட்ட, அதாவது தட்டத் தயாரான, நிலையில் இருந்தால் மட்டுமே கழற்றவும் மாட்டவும் வேண்டும். ஒன்று முறுக்கியும் மற்றொன்று முறுக்காமலும் சேர்ந்துவிட்டால் கேமரா பூட்டிக்கொள்ளும். பிறகு லென்ஸும் கழலாது, கைப்பிடியும் சுற்றாது. பின்புறத்திலிருந்து நீண்ட திருப்புளியை விட்டு இணைப்புத் தண்டைத் திருப்பி விடுவிக்க வேண்டியிருக்கும். விற்பவரின் மேசையில் அதைச் செய்து பழகாதீர்கள். அவரே கழற்றிக் காட்டட்டும்.

ஃபிலிம் பேக்கில் மூன்றைப் பாருங்கள். வெளிக்கூட்டிலும் உள்ளே இழுத்தெடுக்கும் சுருள் தாங்கியிலும் பொறித்துள்ள எண்கள் பொருந்துகின்றனவா என்பது முதலாவது. இரண்டும் தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று பொருத்தி அனுப்பப்பட்டவை. எண் மாறியிருந்தால் படங்களுக்கிடையேயான இடைவெளி பிசகக்கூடும். பிசகாமலும் இருக்கும், ஆனால் விலையைக் குறைக்கக் கேட்கலாம். டார்க் ஸ்லைடு (ஃபிலிமில் ஒளி படாமல் மறைக்கும், உருவக்கூடிய தகடு) நுழையும் பிளவில் உள்ள ஒளித்தடுப்பு இரண்டாவது. அது தேயும் பொருள், நீங்களே மாற்றலாம். மூன்றாவது, சட்ட எண்ணி. வீணான சுருள் ஒன்றை மாட்டி, 12 வரை எண்ணி நிற்கிறதா என்று பாருங்கள். அதே சுருளிலேயே இடைவெளியையும் சோதிக்கலாம்: ஒவ்வொரு முறை தட்டிய பின்னும் பேக்கைக் கழற்றி, டார்க் ஸ்லைடை உருவி, சட்டத்தின் மூலைகளைப் பேனாவால் குறியிட்டு மீண்டும் மாட்டுங்கள். கடைசியில் விரித்துப் பார்த்தால் குறிகளுக்கிடையே சமமான இடைவெளி இருக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பேக் வேண்டாம்.

லென்ஸ் சி வகையா சிஎஃப் வகையா என்றும் கேளுங்கள். சி வகையில் உள்ளது காம்பர் ஷட்டர், அதன் உதிரி பாகங்கள் அரிதாகிவிட்டன. 1982இல் வந்த சிஎஃப் வகையில் பிரான்டர் ஷட்டர், அதைப் பழுதுபார்ப்பது ஒப்பீட்டளவில் எளிது. சி வகை லென்ஸில் உள்ள செல்ஃப் டைமரைத் தொடவே வேண்டாம். அது பாதியில் நின்றால் ஷட்டரும் அதனோடு நின்றுவிடும்.

மடக்குக்கத்தி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நேரில் பார்க்க வழியில்லாமல், இணையத்தில் படங்களைப் பார்த்து வாங்குவோர் என்ன செய்வது? நான் கண்வைத்திருப்பது ஒரு யாஷிகா மேட் 124ஜி. இன்னொன்று ஃபுஜி ஜிடபிள்யூ690.

பழையபெட்டி எழுதியது:

படங்களைப் பார்க்காதீர்கள், கேட்டு வாங்குங்கள். விற்பவர் தாமாகப் போடும் படங்கள் எல்லாம் முன்பக்கத்து அழகைக் காட்டுபவை. பின்மூடியைத் திறந்த நிலையில் உட்புறம், டார்ச் வெளிச்சத்தில் லென்ஸ், 1 விநாடியில் ஷட்டர் ஓடும் காணொளி, கடைசியாக எடுத்த சுருளின் ஸ்கேன் ஆகிய நான்கையும் கேளுங்கள். சோதிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தால், சோதித்துப் பார்த்தேன், ஓடவில்லை என்று படித்துக்கொள்ளுங்கள். தர மதிப்பீட்டுச் சொற்களுக்கு ஒரு மதிப்பும் இல்லை. எத்தனை நாள்களுக்குள் திருப்பி அனுப்பலாம் என்ற வரிக்கே மதிப்பு.

124ஜி போன்ற இரட்டை லென்ஸ் கேமராவில், பார்க்கும் லென்ஸும் படமெடுக்கும் லென்ஸும் ஒரே இடத்தில் ஃபோகஸ் ஆகின்றனவா என்பதே பெரிய கேள்வி. கேமரா கைக்கு வந்ததும், ஃபிலிம் தண்டவாளங்களின்மேல் தேய்த்த கண்ணாடித் துண்டொன்றை வைத்து, ஷட்டரை பி நிலையில் திறந்து, மேலே தெரியும் பிம்பத்தோடு ஒப்பிடுங்கள். ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் அதன் அழுத்தத் தட்டு 120, 220 (பின்தாள் இல்லாத, நீளமான சுருள்) என்று இரு நிலைகளில் நகரக் கூடியது. 220இல் விட்டுவைத்து 120 மாட்டினால், லென்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஜிடபிள்யூ690 கேமராவின் அடிப்பகுதியில் எத்தனை முறை தட்டப்பட்டது என்ற எண்ணி உள்ளது. பத்து தட்டலுக்கு ஒன்று கூடும், 999ஐத் தாண்டினால் மீண்டும் தொடக்கத்துக்கு வரும். எனவே சிறிய எண்ணைக் கண்டு மகிழ்வதற்கு முன் உடலின் தேய்மானத்தோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள்.

வெண்ணிழல் எழுதியது:

பார்த்துவிட்டு வந்தேன். பேக்கின் எண்கள் பொருந்தின, வரிசை எண் 1981 என்றது. லென்ஸ் சி வகை. 1 விநாடியும் அரை விநாடியும் திணறின, நான்கில் ஒன்றுக்கு மேல் சீராக இருந்தது. கண்ணாடியில் பூஞ்சை இல்லை, மெல்லிய மங்கல் மட்டும். பழையபெட்டி ஐயா எழுதியதை அப்படியே விற்பவரிடம் படித்துக் காட்டினேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, சர்வீஸ் செலவைக் கழித்துக்கொண்டு கொடுக்க ஒப்புக்கொண்டார். லென்ஸை உடனே சர்வீசுக்குக் கொடுத்தேன், மங்கலையும் துடைத்துத் தந்தார்கள்.

முதல் சுருளைக் கழுவியதில் பன்னிரண்டு சட்டங்களும் சமமான இடைவெளியில் வந்தன. ஏழு சட்டங்களில் மட்டும் ஒரே ஓரத்தில் விசிறி போன்ற ஒளிக்கசிவு. மற்ற ஐந்தில் ஏன் இல்லை என்று குழம்பிவிட்டேன்.

சதுரச்சட்டம் எழுதியது:

அந்த ஏழும் வெயிலில், டார்க் ஸ்லைடை உருவிய பிறகு நெடுநேரம் காத்திருந்து எடுத்தவையாக இருக்கும். பிளவில் உள்ள ஒளித்தடுப்புதான் காரணம். புதிய பட்டையும் அதனடியில் வைக்கும் மெல்லிய தகடும் சேர்ந்தே கிடைக்கின்றன. இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள், தகட்டைத் தலைகீழாக வைத்துவிடாதீர்கள்.

வெண்ணிழல் எழுதியது:

குறிப்பேட்டைப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே அந்த ஏழும் வெயிலில் முக்காலியில் வைத்து எடுத்தவை. மற்ற ஐந்தும் வீட்டுக்குள் எடுத்த முகங்கள். பட்டையை மாற்றி இரண்டாவது சுருளையும் கழுவிவிட்டேன். கசிவு இல்லை. இப்போது என்லார்ஜருக்கு 80 மி.மீ. லென்ஸ் தேடிக்கொண்டிருக்கிறேன், அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.